வெள்ளிக்கிழமைத் தயிர்

லைலாவின் வீட்டில் வாரம் ஏழு நாளும் தயிர் போடுவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைத் தயிருக்குத்தான் கிராக்கி. மற்ற நாட்களின் சட்டியில் கரண்டியை இறக்கினால் ஓரமெல்லாம் மஞ்சள் தண்ணீர் ஊறி நிற்கும், தயிர் துண்டு துண்டாக வெடித்துக் கிடக்கும். வெள்ளிக்கிழமைச் சட்டியைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது. கல்முனையிலிருந்து கிட்டங்கியைத் தாண்டி நாவிதன்வெளிப் பக்கம் போகிறவர்கள் அவள் வாசலில் வண்டியை நிறுத்தி, “வெள்ளிக்கிழமைச் சட்டி இரிக்கா ராத்தா?” என்று கேட்பார்கள். இல்லையென்றால் வெறுங்கையோடு போய்விடுவார்கள்.

“ஜும்ஆட நாளுல்லுவா? பறக்கத்து இரிக்கும்தானே” என்று அந்த நாளின் அருளைக் காரணம் காட்டினார் அவளுடைய கணவர் ஸலாஹுதீன். எருமைப் பட்டியைப் பார்ப்பது அவர், பாலைப் பார்ப்பது அவள்.

“போன வருஷம் வரைக்கும் ஏழு நாளும் நல்லாத்தானே உறைஞ்சிச்சி? அப்ப மத்த ஆறு நாள்ற பறக்கத்தையும் ஆரு கொண்டு போன?”

ஸலாஹுதீன் தாடியைத் தடவினார். “அது கண்ணூறு.”

“கண்ணூறு எண்டா வெள்ளிக்கிழம லீவு எடுக்குமா?”

அவர் எழுந்து பட்டிக்குப் போனார். லைலாவுக்கும் காரணம் பிடிபடவில்லை. ஆனால் பதில் இல்லாத கேள்வியோடு அவளால் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது.

தயிர் எப்படி உறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அவளுடைய குழப்பம் விளங்கும். எருமைப் பாலைப் பொங்கக் காய்ச்சி ஆறவிட வேண்டும். சின்ன விரலை உள்ளே விட்டுப் பத்து எண்ணும்வரை சூடு பொறுக்கிற பதத்துக்கு வந்ததும், முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி கரைத்துச் சட்டிகளில் ஊற்ற வேண்டும். மனிதர் செய்யும் வேலை அவ்வளவுதான், மீதியைப் பாலே செய்துகொள்ளும். அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை மெல்லப் பின்னப்படுகிறது. வலையின் கண்களில் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. அப்படிச் சிக்கிய தண்ணீரோடு நிற்கிற வலைதான் தயிர். முதல் இரண்டு மணி நேரம் சட்டியை ஆட்டினாலும் பெரிய கேடில்லை, அப்போது அது இன்னும் பால். ஐந்து மணி நேரம் கழிந்தபின் ஆட்டினாலும் பரவாயில்லை, முடிச்சுகள் இறுகியிருக்கும். நடுவிலுள்ள நேரம்தான் ஆபத்து. முடிச்சு விழுந்திருக்கும், இறுகியிருக்காது. அப்போது உலுக்கினால் வலை அறும், தண்ணீர் வெளியே வரும்.

லைலா காலை பதினொரு மணிக்குச் சட்டியில் ஊற்றுவாள். ஆகவே ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை அந்த அறைக்குள் பூனையைக்கூட விடமாட்டாள். இருபது வருடமாக அப்படித்தான். பிறகு எப்படித் தண்ணீர் விடுகிறது?

பாலை மாற்றிப் பார்த்தாள். உறைத்தயிரை மாற்றினாள், சட்டி வாங்கும் இடத்தை மாற்றினாள். ஒன்றும் சரிவரவில்லை. ஒரு வியாழக்கிழமை அறை வாசலில் உட்கார்ந்து, பிளேன்டிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே கிறவல் மண் ஏற்றிய டிப்பர் ஒன்று பறந்தது. வீட்டுக்கு நேரேயுள்ள வாய்க்கால் மதகடியில் ‘தொம்’ என்றது. கோப்பைக்குள் தேநீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

லைலா வெற்றிலையைக் கீழே வைத்தாள். அடுத்த டிப்பருக்காகக் காத்திருந்தாள். தொம், மறுபடியும் வட்டம். கால் மணிக்கு ஒன்றாவது போனது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டிப்பர் சாரதிகள் பதினொன்றரைக்கே வண்டிகளை ஓரங்கட்டிவிட்டார்கள். ஜும்ஆ, அதன்பின் வீட்டுச் சோறு, அதன்பின் ஒரு குட்டி உறக்கம். அஸர் தொழுகையும் முடிந்து நான்கு மணிக்குப் பிறகுதான் வீதியில் முதல் உறுமல் கேட்டது. அதுவரை கோப்பையிலிருந்த தேநீர் அசையவே இல்லை.

வீதியின் கதை இதுதான். போன வருடம் பழைய கல் ரோட்டை எடுத்துவிட்டுக் தார் பூசிய காபட் ரோட்டுப் போட்டார்கள். லைலாவின் வீட்டுக்கு நேரே வாய்க்காலுக்கு மேல் ஒரு மதகு, சின்னப் பாலம். மாரி மழையில் மதகடியில் மண் இறங்கி, ரோட்டில் மூன்று விரல் ஆழத்துக்கு ஒரு படி விழுந்துவிட்டது. திருத்தும்வரை கவனமாகப் போகட்டும் என்று மதகின் இரு பக்கமும் ‘50’ பலகையைக் கழற்றி ‘30’ பலகையை நட்டார்கள். பலகை நல்ல பலகை, தூரத்திலிருந்தே தெரியும். எல்லாரும் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே அறுபதில் போனார்கள். கனவண்டிச் சில்லு அந்தப் படியில் விழுகிற அடி ஈரமண் வழியாக ஓடிவந்து சட்டிக்குள் புகுந்தது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்காகும் என்பது பலகை நட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். லைலாவுக்குத் தயிர் சொல்லிக் கொடுத்தது.

நிச்சயப்படுத்த அவள் இன்னொன்று செய்தாள். செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளுக்குக் கட்டிய பழைய ஏணைச் சீலையைக் கூரை வளையில் தொங்கவிட்டு, ஒரு சட்டியை அதற்குள் வைத்தாள். மற்றச் சட்டிகள் வழக்கம்போல் தரையில். பின்னேரம் பார்த்தால் தரையிலிருந்தவை எல்லாம் தண்ணீர். ஏணையில் கிடந்தது மட்டும் கட்டித் தயிர். தரை வழியாக வந்த அடி சீலையில் ஏறவில்லை.

“இஞ்சருங்க, செவ்வாக்கிழமையில வெள்ளிக்கிழமைத் தயிரு!” என்று கத்தினாள்.

ஸலாஹுதீன் ஓடிவந்து பார்த்தார். “மாஷா அல்லாஹ். அப்ப எல்லாச் சட்டியையும் ஏணையில போடு புள்ள. தாலாட்டு நான் பாடுறன்.”

நாற்பது ஏணைக்கு வளை தாங்காது. வைக்கோல் பரப்பி வைத்தால் சட்டி சாய்ந்தது. வீட்டின் பின்பக்கம் திறந்த வயல், அங்கே வெயிலும் காற்றும் மாறிமாறி அடிப்பதில் பால் ஒழுங்காக உறையாது.

இந்த நிலையில்தான் றிஸ்கான் வந்தான். மருதமுனைப் பொடியன், கிறவல் டிப்பர் ஓட்டுகிறவன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் இரண்டு சட்டி வாங்குவான். அன்று வாய் காதுவரை விரிந்திருந்தது.

“ராத்தா, எனக்குக் கலியாணம். வாற மாசம் ரெண்டாவது ஞாயிறு. எம்பது சட்டி வேணும். வெள்ளிக்கிழமைச் சட்டி.”

“மாஷா அல்லாஹ் மனே! ஆனா வெள்ளிக்கிழமை போட்ட தயிரு ஞாயிறு பகலுக்குப் புளிச்சிரும். சனிக்கிழமைதான் போடணும்.”

“அப்ப சனிக்கிழமை போடுங்க.”

“சனிக்கிழமை போட்டா தண்ணி விடும்.”

“என்ன ராத்தா இது? வெள்ளிக்கிழமை உறையிற பாலு சனிக்கிழமை ஏன் உறையாது?”

“ஒன்ட டிப்பருக்கிட்ட கேளு.”

லைலாவுக்கு அந்த எண்பது சட்டியை விட மனமில்லை. கலியாணச் சோற்றின் கடைசியில் தயிரும் சீனியும் வரும். அறுநூறு பேர் ஒரே நேரத்தில் கையை வைக்கும் தயிர் அது. அங்கே தண்ணீர் விட்டால் மருதமுனையிலிருந்து கல்முனைவரை அவள் தயிருக்குப் பெயர் கெட்டுவிடும். கட்டியாக நின்றால் ஏழு நாளும் விற்கும். மறுப்பதா ஏற்பதா என்று யோசித்தவள், ஒரு தட்டம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அறைத் தரையில் வைத்தாள்.

“ஒன்ட கூட்டாளிமார் ஆரும் இந்தப் பக்கம் வாறானா?”

“இஹ்ஸான் பின்னால வாறான்.”

கொஞ்ச நேரத்தில் இஹ்ஸானின் டிப்பர் வழக்கமான வேகத்தில் வந்தது. தொம். தட்டத்தின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் சிந்தியது. றிஸ்கான் ஓடிப்போய்க் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினான்.

“எத்தினையில வந்த நீ?”

“அறுவது இரிக்கும். ஏன்டா, பொலிஸ் நிக்கா?”

“பொலிஸ் இல்ல. தயிரு. சந்தியில திருப்பிக்கிட்டு முப்பதுல வா.”

“ஒனக்குக் கலியாணம் எண்டதும் மூள கழண்டிச்சி மச்சான்” என்றபடி இஹ்ஸான் போனான், திருப்பிக்கொண்டு வந்தான். இந்தமுறை தண்ணீரில் ஒரு மெல்லிய வளையம் தோன்றி மறைந்தது. அவ்வளவுதான்.

இஹ்ஸானும் இறங்கிவந்து தட்டத்துக்கு முன்னால் குந்தினான். லைலா வலை, முடிச்சு, மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னாள். இருவரும் வாயைத் திறந்தபடி கேட்டார்கள்.

“அப்ப இவ்வளவு நாளும் நான் வீட்டுக்கு வாங்கிக்கிட்டுப் போன தண்ணித் தயிர…” என்றான் இஹ்ஸான்.

“நீங்கதான் கடைஞ்ச” என்றாள் லைலா.

“மெதுவாப் போறதெண்டா லோட்டுக் குறையுமே ராத்தா” என்றான் றிஸ்கான் மெல்ல.

“எவ்வளவு குறையும்? அந்தப் பலகையிலருந்து இந்தப் பலகைக்கு நானூறு மீற்றர். நீயே பாரு.”

றிஸ்கான் போனை எடுத்துக் கணக்குப் போட்டான். அறுபதில் போனால் இருபத்து நான்கு செக்கன், முப்பதில் போனால் நாற்பத்தெட்டு. மறுபடி தட்டிப் பார்த்தான், அதே விடை.

“இருவத்துநாலு செக்கனுக்கா இந்தப் பாடு?” என்றான். “பீடி பத்த வைக்கவே அதுக்கு மேல போகும்.”

லைலா எண்பது சட்டிக்கும் சம்மதித்தாள். “ஒரு நிபந்தன. அந்தச் சனிக்கிழமைய நீங்கதான் வெள்ளிக்கிழமையாக்கித் தரணும்.”

டிப்பர்காரர் மெதுவாகப் போனால் மட்டும் போதாதே, வெளியூர் வான், பஸ், நெல் லொறி எல்லாம் வருமே என்று ஸலாஹுதீன் கவலைப்பட்டார். அதற்கு வழி சொன்னவன் இஹ்ஸான். மதகில் ஒரு வண்டிதான் போகலாம், அதை ஒட்டிய ரோட்டில் முந்தவும் முடியாது. ஆகவே முன்னால் போகிறவனின் வேகம்தான் பின்னால் வருகிறவனின் வேகம். பலகையைப் பார்க்காதவனும் முன்னால் நிற்கும் டிப்பரின் முதுகைப் பார்த்தே ஆகவேண்டும். எட்டு டிப்பர்கள் இரண்டு பக்கமிருந்தும் இடைவெளி விட்டு வந்தால் வீதி முழுவதும் முப்பதுதான்.

அந்தச் சனிக்கிழமை ஸலாஹுதீன் தன் பட்டிப் பாலோடு சொறிக்கல்முனையில் இரண்டு பட்டிகளின் பாலையும் கொண்டுவந்தார். பதினொரு மணிக்குச் சட்டிகள் வரிசையாக நிறைந்தன. லைலா எண்பதுக்கு மேல் ஆறு சட்டி கூடுதலாக ஊற்றினாள். “நாம செய்யிறத்த செய்வம், மிச்சம் அல்லாஹ் பார்ப்பான்” என்று கதவைச் சாத்தினாள்.

ஒரு மணிக்கு மாப்பிள்ளையே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். சின்ன விரலில் மருதோண்டி சிவந்திருந்தது.

“கலியாண மாப்பிள்ளை ஊர் சுத்துறதா? வீட்டுல ஏசமாட்டாங்களா?”

“உம்மாக்குத் தெரியா. எனக்கு இருக்க ஏலாம வந்திட்டன் ராத்தா.”

வாசலில் தண்ணீர்த் தட்டத்தை நடுவில் வைத்து மூவரும் உட்கார்ந்தார்கள். டிப்பர்கள் வந்தன, பெருநாள் உடுப்புப் போட்ட பிள்ளைகளைப் போல ஒழுங்காக. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய வளையம், பிறகு அமைதி. இஹ்ஸானுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே ஊர்ந்தது. பஸ் சாரதி தலையை வெளியே நீட்டினார்.

“என்னடா, மையத்தா கொண்டு போறாய், அடக்கம் பண்ண?”

“இல்ல காக்கா, கலியாணம்!” என்று இஹ்ஸான் கத்தினான்.

“அப்ப கொஞ்சம் வேகமாப் போடா, மாப்பிள்ளை கெழவனாகிருவான்!”

றிஸ்கான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்த வாய் மூடுமுன், இரண்டு மணிக்கு, டிப்பர்களுக்கு இடையில் கிடைத்த ஓர் இடைவெளியில் வெள்ளை வான் ஒன்று சீறிக்கொண்டு வந்தது. தொம். தட்டத்துத் தண்ணீர் துள்ளியது.

ஆபத்தான நேரத்தின் நடுப்பகுதி அது. கதவைத் திறந்து பார்க்கவும் முடியாது. றிஸ்கானின் முகம் வாடிவிட்டது. “வான்காரன்ட நம்பரப் பார்த்தீங்களா?” என்றான். “பார்த்து என்ன செய்ய, சட்டியக் கொண்டு எறியவா?” என்றார் ஸலாஹுதீன். லைலா தட்டத்தை மறுபடி நிரப்பினாள். அதன்பின் மூன்று மணி நேரம் அவர்கள் தண்ணீரையே பார்த்தபடி இருந்தார்கள். இடைவெளியை இஹ்ஸான் குறைத்துவிட்டான் போலும், வேறு எதுவும் சீறவில்லை.

ஐந்து மணிக்கு லைலா கதவைத் திறந்தாள். வீதிப் பக்கச் சுவரோரம் இருந்த முதல் சட்டியின் மூடியைத் தூக்கினாள். வெடிப்பு, மஞ்சள் தண்ணீர். றிஸ்கான் “யா அல்லாஹ்” என்றான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவதும் அப்படியே. ஐந்தாவது சட்டியைத் திறந்தவள் அதைச் சாய்த்துப் பார்த்தாள், தண்ணீர் இல்லை. பிறகு ஆறாவது, ஏழாவது, அடுத்த வரிசை. மூடிகள் ஒவ்வொன்றாக எழும்ப எழும்ப அவள் கைக்கு வேகம் வந்தது.

“நாலுதான். வானடி பட்டது ரோட்டுப் பக்கம் இருந்த நாலுதான்!” என்றாள். “எம்பத்திரெண்டு நல்ல சட்டி. இஞ்ச வா மாப்பிள்ளை, குனி.”

“ஏன் ராத்தா?”

“குனி எண்டா குனி.”

நடுவரிசையில் ஒரு சட்டியை எடுத்து, குனிந்து நின்ற மாப்பிள்ளையின் தலைக்கு நேரே தலைகீழாகக் கவிழ்த்தாள். றிஸ்கான் கண்ணை இறுக்கி மூடினான். வாசலில் நிறுத்தியிருந்த டிப்பர்களிலிருந்து இறங்கிவந்தவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். பத்து வந்தது. ஒரு சொட்டும் விழவில்லை. இஹ்ஸான் தன் வண்டிக்கு ஓடிப்போய் ஹோர்னை அழுத்த, மற்ற ஏழும் சேர்ந்துகொண்டன. கலியாணம் அந்த வாசலிலேயே தொடங்கிவிட்டது.

மறுநாள் தயிர் எப்படியிருந்தது என்று லைலா யாரையும் கேட்கவில்லை. புதிதாகப் பன்னிரண்டு சட்டித் தயிருக்குச் சொல்லிவைத்துவிட்டுத்தான் சாப்பிட்டவர்கள் கையே கழுவினார்கள் என்று ஸலாஹுதீன் வந்து சொன்னார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் வழக்கம்போலச் சட்டிகளில் ஊற்றிவிட்டுத் தட்டத்தோடு வாசலில் உட்கார்ந்தாள். கலியாணம் முடிந்துவிட்டது. இனி எப்படிப் போவார்களோ என்று வீதியையே பார்த்தாள். தூரத்தில் ஓர் உறுமல் கேட்டது. பலகையடியில் அது தணிந்தது, இன்னும் தணிந்தது. இஹ்ஸானின் டிப்பர் மதகில் மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. அதன் பின்னால் ஒரு பஸ், ஒரு லொறி, சனிக்கிழமை வந்ததைப் போலவே ஒரு வெள்ளை வான்.

“ராத்தா!” என்று இஹ்ஸான் மேலேயிருந்து கூப்பிட்டான். “இண்டைக்கு என்ன கிழம?”

லைலா தட்டத்தைப் பார்த்தாள். ஒரேயொரு வளையம் விளிம்புக்குப் போகுமுன்னே மறைந்துகொண்டிருந்தது.

“வெள்ளிக்கிழம!” என்றாள்.