பதினாறு வால்வு

வில்லாபுரத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அந்த ஜன்னலுக்கு அடியில் மேசையைப் போட்டுக்கொண்டு, டோனி போன மழைக்காலத்திலிருந்து ஒரு கார் செய்துகொண்டிருந்தார். நிஜக் காரை இருபத்துநாலு பங்கு சுருக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. கையில் ஏந்தினால் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வரும். பெட்டியில் எல்லாம் தனித்தனியாகத்தான் வரும். பிளாஸ்டிக் சட்டங்களில் நெல்லிக்கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாக நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, வண்ணம் அடித்து, ஒட்டிச் சேர்க்க வேண்டும்.

அவர் மனைவி தெரசாவுக்கு அந்தக் காரின் மேல் ஒரு கோபமும் இல்லை. கல்யாணமான புதிதில் அலமாரி நிறைய அவர் செய்துவைத்திருந்த கார்களைப் பார்த்து, "நிஜமாவே நீங்களா செஞ்சது?" என்று கேட்டவள்தான் அவள். அப்போதெல்லாம் ஒரு காருக்கு ஒரு மாதம் போதும். ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு இன்ஜின் எழுந்து நிற்கும். இப்போது நாள் முழுக்க உட்கார்ந்தும் முடியவில்லை. அவர் வேலை பார்த்த ஆலை மூடிவிட்டது. மேலூர் ரோட்டில் இன்ஜின் வால்வு செய்கிற ஆலை. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு உள்ளே போனவர், தலை நரைத்து வெளியே வந்தார். வந்தவர் நேராகப் பின்னறைக்குள் போனார். அதிலிருந்து வெளியே வரவே இல்லை.

அவர் அந்த அறையிலிருந்து எழுந்து வரவேண்டும். தெரசா ஜெபத்தில் கேட்டது அது ஒன்றைத்தான். பசுமலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதும் அவள் மனசு அந்த ஜன்னலடியில்தான் கிடந்தது. மனிதர் மெலிந்துகொண்டே வந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். சில நாள் அதுவும் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. அவளுடைய தம்பி ஜெய்சன், சிவராம் என்ற கூட்டாளியோடு சேர்ந்து ஒத்தக்கடையில் மின்சார ஸ்கூட்டர் விற்கும் கடை வைத்திருந்தான். சர்வீஸ் பகுதியைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று டோனியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க மச்சான்," என்பான். "வண்டியப் பத்தித் தெரிஞ்ச ஆளு எங்கிட்ட ஒருத்தன்கூட இல்ல."

"அது வண்டியே இல்லையே மாப்ள. மிக்ஸிக்கு ரெண்டு சக்கரம் மாட்டி விக்கிற."

"மிக்ஸி அரைக்குதுல்ல? அம்மிக்காக அழுதுக்கிட்டா இருக்காக?"

"பெட்ரோல் கார் ஒண்ணுக்குப் பதினாறு வால்வு. ஒன் வண்டியில எம்புட்டு?"

"ஒண்ணும் கெடையாது. அதனாலதான் ரிப்பேரும் கெடையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். மூடியத் தொறந்தா உள்ள ஒண்ணும் இல்ல. இவன் என்னத்தச் செய்வான், எங்க போய்க் கெடுவான்னு பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"ஒங்க ஆலைய மூடினது முதலாளி செஞ்ச கூத்து மச்சான். பேட்டரி பாவம், அது என்ன பண்ணுச்சு?"

இப்படியே போகும். ஆரம்பத்தில் தெரசா சமையலறையிலிருந்து கேட்டுச் சிரித்துக்கொள்வாள். வாக்குவாதத்திலாவது அவர் குரல் உயர்கிறதே என்றிருக்கும். பிறகு அவர் அதையும் குறைத்துக்கொண்டார். ஜெய்சன் பேசிக்கொண்டே இருப்பான், அவர் ஒரு சிறிய இருக்கைக்குத் தூரிகை நுனியால் தையல் கோடு வரைந்துகொண்டே இருப்பார். "தவக்காலத்துல புதுசா எதையும் தொடங்க வேண்டாம் மாப்ள" என்றார் ஒருநாள். அவர்கள் வீட்டு வழக்கம் அது. நோன்பு முடிந்து ஈஸ்டர் திருநாள் வரும்வரைக்கும் புது வீடு, புது வேலை எதுவும் தொடங்குவதில்லை. ஜெய்சனும் காத்திருந்தான். திருநாள் வந்தது, போனது. அப்போது டோனி, "இந்தக் காரு முடியட்டும்" என்றார்.

கார் முடிகிற மாதிரி இல்லை. காரின் மேல்கூட்டுக்குக் கரும்பச்சை வண்ணம் அடிப்பார். இரண்டு நாள் காயவைப்பார். வெயில்பட எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். எங்கோ ஒரு தூசி ஒட்டியிருக்கும். தெரசாவின் கண்ணுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். உடனே பிரேக் ஆயில் டப்பாவை இறக்கி, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி, கூட்டை அதில் முக்கி வைப்பார். மறுநாள் வண்ணமெல்லாம் தோல் உரிவது போல உரிந்து, கூடு வெள்ளை வெளேரென்று வெளியே வரும். மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை இப்படி உரித்துவிட்டார். நான்காவது தடவை அடித்த வண்ணம் கம்பியில் மாட்டிக் காய்ந்துகொண்டிருந்தபோது, ஜெய்சன் பள்ளிக்கே போன் செய்தான்.

"அக்கா, சிவராம் வேற ஆளப் பாத்துட்டான். திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்ங்கிறான். அதுக்கு மேல என்னால முட்டுக்குடுக்க முடியாது."

"நான் சொல்றேன்டா."

"மச்சான் சொல்லணும்க்கா."

அந்தச் சனிக்கிழமை காலையில் மேலூரிலிருந்து துக்கச் செய்தி வந்தது. ஆலையில் டோனிக்கு அடுத்த எந்திரத்தில் நின்ற கருப்பு இறந்துவிட்டார். வேலை போனபின் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காவல்காரராகப் போயிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே உயிர் போயிருந்தது. டோனி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வாசலில் பைக்கோடு சற்று நேரம் ஏதோ செய்துகொண்டிருந்தார். உள்ளே வந்து கையைக் கழுவினார். "வாரேன்" என்று சொல்லிக் கிளம்பினார்.

அவர் போனபின் தெரசா பின்னறையைக் கூட்டப் போனாள். மேசைமேல் பிரேக் ஆயில் டப்பா இருந்தது. மூடி சரியாகத் திருகப்படவில்லை.

 கம்பியில் தொங்கிய கூட்டை எடுத்து ஜன்னலருகே பிடித்தாள். குளத்துத் தண்ணீர் போல மினுங்கியது. ஒரு தூசி இல்லை, ஒரு கீறல் இல்லை. இதையுமா உரிக்கப் போகிறார்? கருப்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். இந்த மனிதரும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அடிக்கிறார், உரிக்கிறார், அடிக்கிறார், உரிக்கிறார். திங்கட்கிழமை வந்துவிடும். சிவராம் வேறு ஆளை எடுத்துக்கொள்வான். அதன்பின் இந்த அறையிலிருந்து இவரைக் கூப்பிட யாரும் வரமாட்டார்கள்.

கார்தானே முடிய வேண்டும் என்றாள் தனக்குள்.

படம் போட்ட செய்முறைத் தாள் சுவரில் ஒட்டியிருந்தது. மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். கூட்டுக்குள் கண்ணாடிகளை வைக்க வேண்டும். இருக்கைகளும் இன்ஜினும் இருக்கிற அடிப்பாகத்தின்மேல் கூட்டைக் கவிழ்க்க வேண்டும். இன்ஜினுக்கு மேலே வரும் முன்பக்க மூடியைப் பொருத்த வேண்டும். இத்தனை வருடம் பார்த்தது வீண்போகவில்லை. கண்ணாடிகளை இடுக்கியால் பிடித்து அததன் இடத்தில் வைத்தாள். மேசையிலிருந்த வெள்ளைப் பசை உடனே பிடிக்கவில்லை, வழுக்கியது. சமையலறை இழுப்பறையில் செருப்பு ஒட்டுகிற சின்ன டியூப் பசை இருந்தது. எதையும் நொடியில் பிடித்துவிடுகிற பசை. அதைக் கொண்டுவந்து கண்ணாடி விளிம்புகளில் துளித்துளியாக விட்டாள். கூட்டைக் கவிழ்த்து அழுத்தி, அடியோரமெல்லாம் விட்டாள். முன்பக்க மூடி ஆடிக்கொண்டே இருந்தது, அதற்கும் நாலு துளி விட்டாள். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. சின்னதாக, பச்சையாக, எங்கோ கிளம்பப்போவது போல நின்றது கார். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். கைவிரலெல்லாம் பசை காய்ந்து விறைத்திருந்தது.

பிறகு ஜெய்சனுக்குப் போன் செய்தாள். "காரு முடிஞ்சிருச்சுடா. திங்கக்கிழமை வாராருன்னு சிவராம்கிட்டச் சொல்லிரு."

"மச்சானே சொன்னாரா?"

"சொல்லுன்னா சொல்லேன்."

டோனி சாயங்காலம் வந்தார். குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நின்றார். அவராக அங்கே வந்து நின்று பல மாதம் ஆகியிருந்தது.

"கருப்பு சம்சாரம் அழவே இல்ல தெரசா. பிளாஸ்டிக் நாற்காலி பத்தல, பக்கத்து வீட்டுல கேளுங்கன்னு சொல்லிக்கிட்டே திரியுது. நாங்க பழைய ஆளுக எல்லாம் சுவத்தோரமா நின்னோம்.  யாரும் அவரைப் பாக்கல, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம். அடுத்து யாருன்னு."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"இல்ல, கேளு. வர்ற வழியில ஒத்தக்கடையில வண்டிய நிறுத்தி, எதிர்ப்பக்கம் நின்னு மாப்ள கடையப் பாத்தேன். ஒரு பயலுக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியல. சிரிப்பா வந்துச்சு." அவர் நிஜமாகவே சிரித்தார். "போவோம்னு இருக்கேன். மிக்ஸியோ கிரைண்டரோ, போவோம். நாளைக்கு மத்தியானம் உக்காந்து காரை மூடிருவேன். இன்ஜினுக்குள்ள நாலு வால்வுதான் பாக்கி. வெளிய தெரியாதுதான், இருந்தாலும் நான் செய்யணும்ல? பிளாஸ்டிக் குச்சிய மெழுகுவத்தியில காட்டி நூலா இழுத்து, ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டு வாரேன். பன்னெண்டு வச்சாச்சு. பதினாறும் வச்சு மூடிட்டு, சாயங்காலம் நானே மாப்ளைக்குப் போன் பண்ணிச் சொல்றேன்."

தெரசாவின் கையில் கரண்டி இருந்தது. அடுப்பை அணைத்தாள்.

"அந்த பிரேக் ஆயிலு..." என்றாள்.

"பைக்குக்கு ஊத்துனேன். பிரேக்கு சரியாப் பிடிக்கல. மேலூர் வரைக்கும் போகணும்ல. ஏன்?"

 அவரைத் தாண்டிப் பின்னறைக்குப் போனாள். அவரும் பின்னால் வந்து விளக்கைப் போட்டார்.

பெட்டிக்குள் கார் நின்றிருந்தது. அதன் கண்ணாடிகள் எல்லாம் புரை விழுந்த கண் போல வெளுத்துப்போயிருந்தன. இருக்கை தெரியவில்லை. அவர் வரைந்த தையல் கோடு தெரியவில்லை. கூட்டின் பச்சையிலும் விளிம்பெல்லாம் திருநீறு பூசினாற்போல ஒரு வெள்ளை படர்ந்திருந்தது.

"காலையில நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் தெரசா. "சத்தியமா நல்லா இருந்துச்சு."

டோனி பெட்டியைத் திறந்தார். மூக்கில் ஏறும் நெடி ஒன்று வந்தது. "செருப்புப் பசையா?"

"ஆமா."

"அது காயும்போது ஆவி விடும். மூடி வச்சா போக எடமில்லாம கண்ணாடியிலயே படிஞ்சிரும்." பிள்ளைகளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"துடைச்சா போகாதா?"

"உள்பக்கம்."

"பிரிச்சிட்டு..."

அவர் முன்பக்க மூடியின் ஓரத்தில் நகத்தை வைத்து மெல்ல நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் உடைந்திருக்கும். அவர் அழுத்தவில்லை.

அவர் கத்துவார் என்று தெரசா காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தட்டிவிடட்டும், சுவரில் எறியட்டும்.

"நீங்க இதையும் உரிச்சிருவீங்கன்னு நினைச்சேன்," என்றாள். "திங்கக்கிழமை போயிருச்சுன்னா..."

"ஜெய்சன்கிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். வாராருன்னு."

அவர் தலையை ஆட்டினார். முகத்திலிருந்த சிரிப்பின் மிச்சம் எப்போது போனது என்று அவள் பார்க்கவில்லை. பார்த்தபோது இல்லை.

"சரி. சொல்லியாச்சுல்ல," என்றார். "போயிருவோம்."

திங்கட்கிழமை அவர் போனார். அன்றிலிருந்து ஒருநாளும் தவறாமல் போகிறார். மேசையை மடித்துச் சுவரோரம் சாத்திவிட்டார். பின்னறையில் இப்போது துணி காய்கிறது. உடம்பும் தேறியிருக்கிறது, அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அலமாரிக் கார்களைத் தூசி தட்டுவது தெரசாதான். சந்தையில் ஜெய்சனைப் பார்த்தபோது அவனைக் கேட்டாள்.

"வேலை அம்புட்டுச் சுத்தம்க்கா. சிவராமே அசந்துட்டான்."

"பேசுறாரா?"

ஜெய்சன் வாழைக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "நான் வேணும்னே வம்பிழுத்துப் பாத்தேன். 'மச்சான், மிக்ஸி எப்படி ஓடுது'ன்னு. 'நல்லா ஓடுது மாப்ள'ங்கிறாரு. திட்ட மாட்டேங்கிறாருக்கா. எனக்கு அதுதான் என்னமோ மாதிரி இருக்கு."

கடையில் அவருக்கு ஒரு மின்சார வண்டி கொடுத்திருக்கிறார்கள். பைக்கை விற்றுவிட்டார். முன்பெல்லாம் தெருமுனையில் பைக் திரும்புகிற சத்தம் கேட்டதும் தெரசா டீக்குத் தண்ணீர் வைப்பாள். அவர் செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள் கொதித்துவிடும். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பார்த்தாள், ரேடியோவை அணைத்தும் பார்த்தாள். எதற்கோ திரும்புவாள், அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் கைகள்.

"எப்ப வந்தீங்க?"

"அப்பவே."

அவள் அவசரமாக அடுப்பைப் பற்றவைக்கிறாள். தண்ணீர் கொதிக்க நேரமாகிறது. அவர் ஒன்றும் கேட்காமல் காத்திருக்கிறார்.