நேர்த்தித் தேங்காய்

பூரணத்துக்குக் கோபம் வந்தால் முதலில் கையில்தான் தெரியும். எதை எடுத்தாலும் டங்கென்று வைப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் தலைக்கு வார்த்து, குடுமி விட்டுத் தேங்காயை உரித்து, அதையும் டங்கென்றுதான் ஓலைப்பெட்டிக்குள் வைத்தாள். கோபம் அன்றையதல்ல, மூன்று மாதப் பழசு.

மாசியில் மகளுக்கு நெருப்புக்காய்ச்சல். பிள்ளை தப்பினால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பேன் என்று நேர்த்தி வைத்தாள். பிள்ளை தப்பியது. ஆனால் பனை சீவுகிறவனின் பெண்சாதி கோயிலுக்குள் காலடி வைக்கலாமா? வெளிமதிலுக்கு அப்பால் பூவரசடியில் நிற்கலாம். நின்றாள். உள்ளே போகிற பெரியவர் ஒருவரிடம் தேங்காயை நீட்டினாள். கையில் வாங்கினால் தீட்டாம். நிலத்தில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். உடைத்த பாதி திரும்பி வரும் என்று வெயிலில் காத்து நின்றவள், அந்த மனிசன் முழுத் தேங்காயையும் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு மற்ற வாசலால் வீட்டுக்குப் போவதைத் தன் கண்ணாலேயே கண்டாள். பிள்ளையாரைக் குறை சொல்ல அவளுக்கு மனமில்லை. தேங்காய் வந்து சேராவிட்டால் அவர்தான் என்ன செய்வார்?

அவளுடைய தம்பி ஆறு வருஷத்துக்கு முன் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியவன். வேலனாக இருந்தவன் பிலிப்பு ஆனான். உடுவில் ஊர்ப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் கூட்டித் துடைத்து மணி அடிக்கிற வேலை. அவன்தான் சொன்னான்:

"எங்கடை கோயிலிலை அப்பிடியில்லை அக்கா. எல்லாரும் ஒண்டு. ஒருக்கா வந்து பார். மனசுக்குப் பிடிச்சா, ஆராதனை முடியிற நேரம் ஞானஸ்நானத்துக்குப் பேரைக் குடு. உபதேசியார் எழுதிப்போடுவார்."

அங்கே தேங்காய் உடைப்பார்களா என்று அவள் கேட்கவில்லை. தேங்காய் உடைக்காத கோயிலும் உலகத்தில் உண்டா? எந்தச் சாமி தன் கையாலேயே உடைக்க விடுகிறதோ, தனக்கும் மகளுக்கும் இனி அந்தச் சாமிதான் என்று முடிவு கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

கேற்றில் ஒருவரும் மறிக்கவில்லை. வாசலிலும் மறிக்கவில்லை. உள்ளே இரண்டு பக்கமும் சனம் இருக்கிற நீள மர வாங்குகள். நடுவால் நேரே நடந்து போய், முன்வாங்கில் வெறுமையாய்க் கிடந்த இடத்தில் அமர்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஐயோ, அந்த ஒரு நிமிடத்துச் சந்தோஷம்! பிறந்ததிலிருந்து எந்தச் சாமிக்கும் இவ்வளவு கிட்ட அவள் இருந்ததில்லை.

பக்கத்தில் அருமைநாயகி அம்மா. அவவின் புகையிலைத் தோட்டத்தில்தான் பூரணம் நாள்முழுக்கப் புல்லுப் பிடுங்குவாள்; தாகமென்றால் அவ சிரட்டையில் எட்டத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவா. இப்போது திரும்பிப் பார்த்தா, சேலையைக் கூட்டிப் பிடித்தா, எழும்பிப் பின்னால் இருந்த வாங்குக்குப் போய்விட்டா. உபதேசியார் இராசநாயகம் சிரித்த முகத்தோடு வந்து குனிந்தார்.

"இஞ்சை பிள்ளை, உங்கடை சனம் பின்னாலை பாயிலை இருக்கினம். அங்கை போய் இரு."

பூரணம் திரும்பிப் பார்த்தாள். கதவோரத்தில் ஒரு பாய். அதில் நாலைந்து பேர். நடுவில் பிலிப்பு, குனிந்த தலை நிமிராமல்.

அத்தனை கண்களும் முதுகில் குத்த, எழும்பி நடந்து போய்த் தம்பிக்குப் பக்கத்தில் இருந்தாள். இருந்த பிறகுதான் பாயைப் பார்த்தாள். ஓரத்தில் சிவப்புச் சாய ஓலை, மூலையில் மூன்று கட்டம். அவள் இழைத்த பாய்! தம்பி புது இடத்தில் வெறும் நிலத்தில் படுக்கக் கூடாதென்று ஆறு வருஷத்துக்கு முன் அவளே இழைத்துக் கொடுத்தது.

"வேலா," பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள், "எவ்வளவு காலமாய்ப் பாயிலை?"

"வந்த நாள் தொடக்கம்."

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா வந்திருப்பியே அக்கா?"

முன்னால் போதகர் பிரசங்கம் பண்ணினார். நாமெல்லோரும் ஒரே தகப்பனின் பிள்ளைகளாம். நல்ல தகப்பன், பாதிப் பிள்ளைகளை நிலத்தில் இருத்தி வைத்திருக்கிறார் என்று பூரணம் மனதுக்குள் வெட்டினாள். பிறகு திருவிருந்து. வாங்கில் இருந்தவர்களுக்கு வெள்ளிக் கிண்ணம் கைமாறிப் போனது. பாய்க்காரரின் முறை வந்தபோது உபதேசியார் வேறாக ஒரு தகரப்பேணியில் ஊற்றிக் கொண்டுவந்தார். பிலிப்பு அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக் குடித்தான்.

அதைக் கண்டதும்தான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்கள் செய்கிறது செய்கிறார்கள். இந்த விசரன் என்னத்துக்குக் கண்ணை மூடுகிறான்?

ஆராதனை முடிந்தது. சனமெல்லாம் முற்றத்தில் நின்று கதைத்தது. வாசலில் ஒரு சின்ன மேசை, அதில் பெயர் எழுதுகிற கொப்பி, பின்னால் உபதேசியார்.

"வா பிள்ளை. பிலிப்பு சொன்னவன். உன்ரை பேர், மகளின்ரை பேர் ரெண்டையும் சொல்லு."

"பேர் கிடக்கட்டும் ஐயா. நான் நேர்த்தி கொண்டந்தனான்." பெட்டியைத் திறந்தாள்.

உபதேசியாரின் சிரிப்பு போய்விட்டது. "உதென்ன தேங்காய்? உதெல்லாம் இஞ்சை வழக்கமில்லை. உதை விடத்தானே உங்களைக் கூப்பிடுறம்!"

"பாய் போடுறது வழக்கமோ?"

"அது... பழைய ஆக்கள் மனம் நோவினம் எண்டு—"

"தகரப்பேணி?"

அவர் குனிந்து பேனையை மைக்கூட்டில் தோய்த்தார். வாங்குக்காரர் எல்லோரும் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இவளுக்கு வந்த வாய்!" என்றா அருமைநாயகி அம்மா.

"ஓம் நாச்சியார், வாய்தான்! உங்கடை தோட்டத்திலை இவ்வளவு நாளும் சிரட்டைத் தண்ணியைக் குடிச்சுப் பொத்திக்கொண்டிருந்த வாய்!"

சொல்லிக்கொண்டே தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினாள். தேவாலயத்துக் கல்லுப்படியில் ஓங்கி ஒரே போடு. சரிபாதியாய்ப் பிளந்தது. தேங்காய்த் தண்ணீர் சிதறி, நின்ற பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். பூரணம் குனிந்து இரண்டு பாதியையும் எடுத்தாள். ஒன்றைக் கொண்டுபோய்த் திறந்திருந்த கொப்பியின் மேல் டங்கென்று வைத்தாள். மை கரைந்து பெயர்களின் மேலே ஓடியது.

"இது கோயில் பங்கு. மற்றப் பாதி என்ரை. இந்த முறை ஒருத்தரும் எனக்குத் தர வேண்டாம், நானே எடுக்கிறன்."

பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். அழுகை வந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் பலமாகக் கத்தினாள்.

"டேய், நீ படுக்கத்தான் நான் பாய் இழைச்சனான்! உன்னை இவை இருத்தி வைக்க இல்லை! என்ரை பாயை எடு!"

பிலிப்பு உபதேசியாரைப் பார்த்தான். அக்காவின் கையிலிருந்த தேங்காய்ப் பாதியைப் பார்த்தான். பிறகு உள்ளே போனான். பாயிலிருந்த கிழவர் ஒருவர் இன்னும் எழும்பாமல் இருந்தார். அவரைக் கைபிடித்து எழுப்பி, பக்கத்து வாங்கில் இருத்தினான். பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"பிலிப்பு!" உபதேசியார் பதறிப்போனார். "உதைக் கொண்டுபோனா, அடுத்த ஞாயிறு இவை எங்கை இருக்கிறது?"

"வாங்கு கிடக்குத்தானே, ஐயா. நானும் அதிலைதான் இருக்கப்போறன்."