தரகு வேண்டாத தரகர்

1958-இல் ராமநாதபுரத்துப் பங்குத் தரகர் வைத்திலிங்கம், மாட்டுத் தரகர் மதாரிடம் தள்ளிவிட்ட மில் பங்கு விழுந்த வேகத்தில் தரையே பிளந்தது. மதார் தன் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் முழுக்க அதில் போயிற்று.

மதார் வைத்திலிங்கத்தின் கடைக்கு வந்து போட்ட சத்தத்தில் பாம்பன் பாலம் தானாகத் திறந்து மூடியது.

"ஏலே, அது உன் சொந்தப் பங்குதானே?"

"இல்ல பாய். யாரோ வித்தாக, நீங்க வாங்குனீக. நடுவுல நின்னவன் நான். நட்டத்துக்கு நானா பொறுப்பு?"

"நடுவுல நின்னவன் ஏன்லே தரகு வேணாம்னே?"

"ஒங்க மேல பிரியம்."

"தூ! சந்தையில சொந்த மாட்ட விக்கிறவன் மட்டுந்தான்லே தரகு கேக்க மாட்டான்!"

வைத்திலிங்கம் சுண்ணாம்பாய் வெளுத்தார். சொந்தப் பங்கைச் சொல்லாமல் தலையில் கட்டினால் தரகரே பொறுப்பு என்று அப்போதுதான் புதுச் சட்டம் வந்திருந்தது. வாசலில் பாதி ஜில்லா கூடிவிட்டது. அதில் ஒரு வக்கீலும் இருந்தார்.

"கேசு போட்ருவமா பாய்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கல்லாப்பெட்டி திறந்தது.

பணத்தை வாங்கிய மதார், ஒரு ரூபாயை வைத்திலிங்கத்தின் முகத்தில் விட்டெறிந்தார்.

"இந்தா, பங்கு உன்கிட்டயே திரும்புதுல்ல, அதுக்குத் தரகு!"