அட்டையில் மட்டும் போட்ட ஊசி

என் வாய்க்குப் பயந்து பிரசவ வார்டில் ஈகூட உட்காராது என்பார்கள். கை கழுவவில்லையா, திட்டு. குழந்தையின் தொட்டிலில் கைப்பையை வைத்தாயா, அதற்கும் திட்டு. இருபது வருஷ நர்ஸ் வேலையை இப்படித்தான் ஓட்டினேன். என்னைத் திட்டத்தான் ஆளில்லை. காலையில் வந்ததும் பிறந்த குழந்தைகளின் அட்டைகளைப் பரப்பி, ரத்தம் உறைவதற்கான 'வைட்டமின் கே' ஊசிக் கட்டத்தில் மொத்தமாக டிக் போட்டுவிட்டுப் பிறகுதான் ஊசியை எடுப்பேன். ஒன்றைக்கூட விட்டதில்லை என்ற திமிர்.

அன்று எட்டு அட்டை. ஏழு தொடைகளில் போட்டாயிற்று. எட்டாவது குழந்தையின் அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"இப்பதான் சிஸ்டர் கண்ணு மூடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுங்களேன்."

"சரி, எழுந்ததும் கூப்பிடு" என்றேன். அதற்குள் பிரசவ அறையில் ஒருத்திக்குக் குழந்தையின் கால் முதலில் வந்துவிட்டது. ஓடினேன். ஓடியவள் மறந்தேபோனேன்.

இருபத்திரண்டாம் நாள் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். உதடு வெளுத்திருந்தது, உச்சி புடைத்திருந்தது, ஒரு கை வெட்டி வெட்டி இழுத்தது. எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. அவசரம் என்றால் என்னையும் கூப்பிடுவார்கள். கூட வந்த அத்தையைப் பார்த்ததும்தான் போடாமல் விட்ட ஊசி நினைவுக்கு வந்தது. டாக்டர் அட்டையைப் பார்த்தார்.

"வைட்டமின் கே போட்டிருக்கு. அப்போ ரத்தக்கசிவு இல்ல, மூளைக்காய்ச்சலா இருக்கும். முதுகுல குத்தி நீர் எடுக்கணும், ரெடி பண்ணுங்க."

ரத்தம் உறையாத உடம்பில் அந்த ஊசி இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும் என்பதும் தெரியும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, முதலில் நான் வேலையைத்தான் நினைத்தேன்.

"போடல டாக்டர். டிக் மட்டும்தான் போட்டேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே வைட்டமின் கே போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் தலைக்குள் பாதிக்கு ரத்தம். சாயங்காலம் குழந்தை போய்விட்டது.

"தூங்குதுன்னு தடுத்த பாவி நான்தானே! நானே கொன்னுட்டேனே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் கையைப் பிடித்தேன்.

"நீ இல்லம்மா. நான். போடாத ஊசிக்கு டிக் போட்டவ நான்."

தாய் என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. அவள் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த அட்டையை வெளியே எடுத்தாள்.

"போன வாரம் தொப்புள்ல ரத்தம் கசிஞ்சுது சிஸ்டர். பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடினேன். அவங்க இந்த டிக்கைப் பார்த்துட்டு, ஊசிதான் போட்டிருக்கே, பயப்படாம போங்கன்னு அனுப்பிட்டாங்க."

அவள் அட்டையை என் கையில் வைத்தாள்.

"இதை நீங்களே வச்சுக்குங்க."