மோர்மிளகாயும் ஒன் விச்சும்

எங்கட வெள்ளவத்தை ஃபிளட்டின்ர கொமிட்டித் தலைவர் நவநீதகிருஷ்ணன் சேர் லிஃப்டுக்குள்ள ஒரு நோட்டீஸ் ஒட்டினார். இனிமேல் மொட்டைமாடியில ஒருவரும் ஒண்டும் காயப்போடக் கூடாதாம். அந்த 'ஒருவர்' நான்தான், சரோஜினிதேவி. அங்க மோர்மிளகாய் காயவைச்சு, கனடா போற சனத்துக்குப் பொதி கட்டி வித்துத்தான் சீவிக்கிறன். என்ர பல்கனியை வெயில் எட்டியும் பாக்காது.

போய்க் கதைச்சன். "எழுத்தில தாங்கோ, இங்கிலீசில" எண்டார். சீவியம் முழுக்க இங்கிலீஷ் படிப்பிச்ச மனிசன். பென்சன் எடுத்தும் திருத்துற விசர் போகேல்லை. கலியாணக் காட் குடுத்தாலும் சிவப்புப் பேனையால திருத்தி, கீழ கையெழுத்தும் வைச்சுத்தான் திருப்பித் தருவார்.

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில எழுதிக்கொண்டு போனன். சேர் மிளகாயைப் பற்றி மூச்சே விடேல்லை. "'ஒன்' (on) எண்ட சொல்லை வசனத்தின்ர கடைசியில தொங்க விட்டிருக்கிறியள் பிள்ளை. கதைக்கேக்க பரவாயில்லை. எழுத்தில 'ஒன் விச்' (on which) எண்டு முன்னுக்குக் கொண்டு வரவேணும்" எண்டு கோடு இழுத்தார். ஐம்பது தாண்டின நான் பிள்ளையாம். வந்த கோவத்துக்கு அந்தப் பேனையை முறிச்சுப் போட்டிருப்பன்.

வீட்டை வந்து கத்தினன். கீழ்வீட்டு றுஷ்னா கேட்டிட்டுச் சிரிச்சா. "அக்கா, அவருக்கு மொளகா கண்ணுல படாது, வசனந்தான் படும். திருத்தினா கையெழுத்து வெப்பார்தானே. கொமிட்டியே சொல்ற மாதிரி எழுதுவம்."

இங்கிலீசில எழுதினம். சரோஜினிதேவி மிளகாய் காயப்போடுற மொட்டைமாடியை அவ தொடர்ந்து பாவிக்கக் கொமிட்டி அனுமதிக்குது. ஒன் விச் சரியான இடத்தில, ராசா மாதிரி இருந்தது.

சேர் அதை ரண்டு தரம் வாசிச்சார். முகம் மலர்ந்துபோச்சு. "இப்பதான் வசனம்" எண்டு சொல்லி, 'வெரி குட்' போட்டு, கையெழுத்தும் திகதியும் வைச்சார். நான் நேர லிஃப்டுக்குப் போய், அவற்ற நோட்டீசுக்குப் பக்கத்தில ஒட்டினன்.

பின்னேரம் லிஃப்ட் நிறையச் சனம். சேர் நடுவில. எல்லாரும் வாசிச்சுப்போட்டு அவரைப் பாத்தினம். என்ன எழுதியிருக்கெண்டு பாக்காமல் கையெழுத்து வைச்சிட்டன் எண்டு சொல்ல, ஒரு இங்கிலீஷ் சேருக்கு வாய் வருமோ?

சிவப்புப் பேனையை எடுத்தார். என்ர கடுதாசியில ஒரு கொமா போட்டார். பிறகு தன்ர நோட்டீசை மெல்ல உரிச்சு, மடிச்சுப் பொக்கெற்றுக்குள்ள வைச்சார்.