கப்பலுக்குப் போன புருஷன்

என் வீட்டுக்காரர் ஃபாஜில் ஷார்ஜாவில் மவுத்தாகிவிட்டார், அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். நான் இங்கே இத்தா இருந்தேன், புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல்படி தாண்டக் கூடாது. துக்கம் கேட்க வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தெருவில் இறங்கியதும் "கல்லு மாதிரி உக்காந்திருக்கா" என்றார்கள். ஜன்னல் திறந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் சொன்னது சரிதான். எனக்கு அழுகை வரவில்லை.

காரணத்தைச் சொன்னால் அடிக்க வருவார்கள். கல்யாணமானதிலிருந்து அவர் அங்கே, நான் இங்கே, அய்யம்பேட்டையில். பிள்ளை இல்லை. இப்போதும் பால் வருகிறது, மோட்டார் போட்டால் தொட்டி நிரம்புகிறது. கட்டிலில் அந்தப் பக்கம் முன்பும் காலிதான். எது குறைந்துவிட்டதென்று அழுவது? வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்தான் குறைந்தது.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டுவிட்டு போன் போடுவார். மற்ற புருஷன்மார் என்ன பேசுவார்களோ, இவர் கதை சொல்வார். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி ராஜா காலத்தில் நடக்கிற துப்பறியும் கதை, வரிசையாக ஆறு புத்தகம். அரண்மனை அடுக்களையில் மிளகு, கிராம்பு வைக்கும் அறைக்குச் சாவி வைத்திருக்கிற மார்ஜரி என்பவள்தான் துப்பறிகிறவள். வாரம் ஒரு அத்தியாயம். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தட்டுகூடக் கழுவாமல் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய அக்கா சஃபியா மதினி சாப்பிட்ட கை ஈரம் காயுமுன் வந்துவிடுவார். தெருவில் நெல் அறுக்கிற மிஷின் போனால் மதினி எழுந்து ஜன்னலைச் சாத்துவார். ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாது.

"எத்தனை பொண்டாட்டி கட்டுவான், இவன் தலையில இடி விழ" என்று ராஜாவைத் திட்டுவதும் மதினிதான்.

எனக்கு ராஜாவெல்லாம் முக்கியமில்லை. மார்ஜரியின் புருஷன் வில்லைத்தான் பிடிக்கும். கப்பலுக்குப் போனவன். கதையில் நேரே வரவே மாட்டான், யாராவது மாலுமியிடம் சேதி மட்டும் சொல்லி அனுப்புவான். இவள் கொலைகாரனைத் தேடி அலைந்துகொண்டிருப்பாள், "பொணத்தைப் பாத்தது போதும், மொதல்ல சாப்புடு" என்று சேதி வரும். நானும் மதினியும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒவ்வொரு புத்தகம் முடியும்போதும் நான் ஒன்றுதான் கேட்பேன்.

"அவன் எப்பங்க வீட்டுக்கு வருவான்?"

"அடுத்த புத்தகத்துல வந்துடுவான், பொறுடி."

ஆறாவது புத்தகத்தில் பாதிரியாருக்கு விஷம் வைத்தது யாரென்று தெரிவதற்குள் அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

ரூமில் கூட இருந்தவர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சட்டைகள், பாதி அத்தர், ஆறு புத்தகங்கள். சட்டையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்தது. புத்தகங்களைப் பார்த்ததும் ஓர் ஆசை வந்தது. அவர் போனபிறகு வந்த முதல் ஆசை. பாதிரியாரை எவன் கொன்றால் என்ன, வில் வீட்டுக்கு வந்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

காலேஜில் படித்த இங்கிலீஷ் துருப்பிடித்துக் கிடந்தது. கேட்ட கதையென்றால் சுலபமாக ஓடுமே என்று முதல் புத்தகத்திலிருந்து தொடங்கினேன்.

முதல் அத்தியாயத்திலேயே வில் செத்துப்போயிருந்தான். அந்தக் காலத்தில் அங்கே வியர்வைக் காய்ச்சல் என்று ஒன்று, காலையில் வந்தால் சாயங்காலத்துக்குள் ஆளை முடித்துவிடுமாம். மார்ஜரி ஓடி வருவதற்குள் புதைத்துவிட்டார்கள். எனக்குத்தான் இங்கிலீஷ் தகராறு என்று அகராதியைப் புரட்டினேன். செத்துத்தான் போயிருந்தான்.

சரி, கதைதானே, அடுத்த புத்தகத்தில் எப்படியாவது எழுந்து வருவான் என்று படித்தேன். கப்பலும் இல்லை, மாலுமியும் இல்லை, சேதியும் இல்லை. கொலையெல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. நாங்கள் சிரித்த இடங்கள் மட்டும் எதிலுமே இல்லை. மார்ஜரி அறையைப் பூட்டிவிட்டு வந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள், ஆறு புத்தகத்திலும். பாதிரியாரைக் கொன்றது வைத்தியர். அதையும் படித்து மூடி வைத்தேன். கோபம்கூட வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, சாப்பிட்டதும், பழக்கதோஷத்தில் மதினி வந்து உட்கார்ந்தார்.

"படிச்சு முடிச்சிட்டியா? யாரு கொன்னது?"

"வைத்தியரு."

"நெனச்சேன். அது கெடக்கட்டும். அவ புருஷன் கப்பல்லேருந்து வந்துட்டானா?"

அடுத்த புத்தகத்தில் வருவான் என்று சொல்லிவிட்டிருக்கலாம். இத்தனை வருஷம் கேட்டதில் அந்தப் பொய் எனக்கும் மனப்பாடம்.

"வரமாட்டான் மதினி. மவுத்தாயிட்டான். மொத புத்தகத்துலயே."

"தம்பி சொல்லலையே?"

"சொல்லல. கப்பலே இல்ல மதினி. அத்தனையும் உங்க தம்பி கட்டிவிட்டது. அவ மொதல்லேருந்தே தனியாத்தான் இருந்திருக்கா."

மதினி என் கையைப் பிடித்தார். போன் எங்கள் நடுவில் பாயில் கிடந்தது. எப்போதும் வைக்கிற இடத்தில் என்னை அறியாமல் வைத்திருக்கிறேன்.

"வந்துடுவான் வந்துடுவான்னாரே மதினி" என்றேன். அன்றைக்குத்தான் அழுதேன், வாய்விட்டு, அவரைத் திட்டித் திட்டி. ஜன்னல் திறந்துதான் இருந்தது. மதினி எழுந்து சாத்தவில்லை.