பத்து எண்ணும் வரை

மேசையை எடுத்துவிட்டார்கள். எலும்பு டாக்டருக்கு அதுதான் முதல் வயிற்றெரிச்சல். ஆறு நாற்காலியை வட்டமாகப் போட்டு நடுவில் வெறும் தரையை விட்டால் மனிதன் கையை எங்கே ஒளிப்பான்? அவர் கை கோட்டுப் பைக்குள் கிடந்தது. பைக்குள் மாத்திரை அட்டை கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் முதுகுவலிக்கு ஆரம்பித்தது. வலி எப்போதோ போய்விட்டது, மாத்திரை போகவில்லை. வெளியே தெரிந்தால் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவரைத்தான், போதைப் பழக்க சிகிச்சையை மாணவர்களுக்குச் சிறு குழுவில் கற்றுக்கொடுப்பது எப்படி என்ற பயிற்சிக்குக் கல்லூரி பொறுக்கி அனுப்பியிருந்தது. அதுவும் மூன்று நாள், கதவைச் சாத்திக்கொண்டு.

பயிற்சி கொடுத்த மனநல டாக்டரம்மா காலையிலிருந்து ஒரே விதியைத்தான் ஓதினார். கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். வாத்தியார்கள் மூன்றிலேயே பொறுமையிழந்து பதிலைத் தாங்களே சொல்லித் தொலைப்பார்களாம்.

பிறகு நடிப்பதற்குச் சீட்டு எடுக்கச் சொன்னார். எலும்பு டாக்டருக்கு 'நோயாளி' வந்தது.

"இந்தாங்க, மாத்திக்கலாம்," என்று பக்கத்திலிருந்த குழந்தை டாக்டரிடம் நீட்டினார். "உங்களுக்குத்தான் முகத்துல சோகம் நல்லா வரும்."

"அட போங்க சார். எனக்கு 'மாணவர்' வந்திருக்கு. முப்பது வயசு குறையுது, விடுவேனா?"

"என் பங்கு பிஸ்கட்டும் உங்களுக்கு."

"பிஸ்கட்டுக்கு விலை போற ஆளா நான்? கேக்குன்னாலும் யோசிப்பேன்."

"சீட்டு மாத்தக்கூடாது சார்," என்றார் டாக்டரம்மா.

பேரம் படியவில்லை. அந்த அமளியில், சீட்டில் 'நோயாளி' என்ற தலைப்புக்குக் கீழே எழுதியிருந்ததை எலும்பு டாக்டர் படிக்கவே இல்லை.

"கடைசியா எப்ப எடுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் மாணவராகிவிட்ட குழந்தை டாக்டர்.

சுற்றி ஐந்து முகம், ஐந்தும் எண்ணிக்கொண்டிருந்தன. கதவு டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஆறில் காலர் நனைந்தது. எட்டில் வாய் தானாகத் திறந்தது.

"இன்னிக்குக் காலையில. கார்ல, கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு. ரெண்டு மாத்திரை."

படபடவென்று கைதட்டல். "அசத்திட்டீங்க சார்! இவ்வளவு நாள் எலும்போட வீணாப் போயிட்டீங்களே!" என்று முதுகில் தட்டிவிட்டுக் குழந்தை டாக்டர் மற்றவர்களோடு தேநீருக்குப் போனார். எலும்பு டாக்டரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

கைதட்டாதவர் டாக்டரம்மா ஒருவர்தான். "உங்க சீட்டைப் படிச்சீங்களா சார்?"

படித்தார். 'வயது ஐம்பது. மது. தினமும் மாலையில்.' மாத்திரை என்ற பேச்சே அதில் இல்லை.

உட்கார்ந்துவிட்டார். "திங்கக்கிழமை ஒரு இடுப்பு ஆபரேஷன் இருக்கும்மா. அதை மட்டும் முடிச்சிடறேனே?"

டாக்டரம்மா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எண்ணுகிறார். காலையில் படித்த பாடம்தான். தெரிந்தும் தப்ப வழியில்லை.

"ஒண்ணே ஒண்ணும்மா."

மறுபடி ஒன்றிலிருந்து.

பைக்குள்ளிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காலி நாற்காலியில் வைத்தார். போனில் தன் உதவி டாக்டரைக் கூப்பிட்டார். "தம்பி, திங்கக்கிழமை இடுப்பை வேற சீனியர்கிட்ட குடுத்துடு. நான் வரல."

"ஏன் சார்?"

கேட்டுவிட்டு அந்தப் பையனும் சும்மா இருந்தான்.